அருகிலுள்ள கடைக்கு எத்தனை கிலோமீற்றர்?

படிவத்தின் ஒரு நிரலில் ‘அருகிலுள்ள சில்லறைக் கடைக்கான தூரம்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. நான் அதில் 0.3 கி.மீ. என்று எழுதினேன். அபிவிருத்தி உத்தியோகத்தராக அதுவரை நான் நிரப்பியிருந்த நூற்றுக்கணக்கான கட்டங்களுள் அதுவும் ஒன்று. எழுதும்போது கை தயங்கவில்லை, ஏனென்றால் அந்த எண் சரியானது. பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து கடை வாசல் வரைக்கும் மோட்டார் சைக்கிளின் தூரமானி அப்படித்தான் காட்டியது.

சில வாரங்களில் முடிவு வந்தது. கடை வசதி இல்லாத கிராமங்களுக்கு மரக்கறி, முட்டை, கருவாடு, பருப்பு வகைகளை வாரம் ஒருமுறை லொறியில் கொண்டுசென்று நியாய விலைக்கு விற்க ஒரு நிறுவனம் முன்வந்திருந்தது. இரண்டு கிலோமீற்றருக்குள் கடை இல்லாத கிராமங்கள் மட்டும் தெரிவாகின. நான் 0.3 என்று எழுதிய கிராமம் அந்தப் பட்டியலில் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் படுவான்கரையில் உள்ள அந்தக் கிராமத்தில்தான் என் பெரியம்மா கலியாணம் முடித்த நாள் முதல் குடியிருக்கிறார். செய்தியைச் சொன்னபோது அவர் என்மேல் கோபப்படவில்லை. அடுப்படியில் இருந்தபடியே, “கடை கிட்டத்தான் இரிக்கி மனே. கடைக்குள்ள என்ன இரிக்கி எண்டு நீ பாக்கல்லியே” என்றார்.

அந்தச் சொல் எனக்குள் தைத்துவிட்டது. ஒரு குடும்பத்தின் சமையலறைக்கும் அதற்குத் தேவையான உணவுப் பொருளுக்கும் இடையில் உள்ள தொலைவை எப்படி அளப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. வேலை நேரத்திலும் வேலைக்கு வெளியிலும் இதைப் பற்றிப் படித்தேன், நடந்தேன், குறித்துவைத்தேன். அவற்றில் எனக்குத் தெளிவானதை இங்கே எழுதுகிறேன்.

மட்டக்களப்பை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் மாவட்டத்தை 56 கிலோமீற்றர் நீளமான வாவி ஒன்று நெடுக்காகப் பிளந்து கிடக்கிறது. சூரியன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை. அது படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. பிரதான வீதி, போதனா வைத்தியசாலை, வங்கிகள், பெரிய சந்தைகள், புட் சிட்டி போன்ற அங்காடிகள் யாவும் எழுவான்கரையில் நெருங்கி நிற்கின்றன. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கங்களில் வயலும் குளமும் காடும், அவற்றுக்கிடையே சிதறிய கிராமங்களும் இருக்கின்றன. இரு கரைகளையும் சில பாலங்களும், நாங்கள் ‘பாதை’ என்று அழைக்கும் மிதவைகளும் இணைக்கின்றன. எங்கள் பேச்சில் பாதை என்றால் தரையில் போவதைவிடத் தண்ணீரில் போவதே முதலில் நினைவுக்கு வரும்.

முடிவு வந்த அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பெரியம்மாவோடு கடைக்கு நடந்தேன். கையில் கடிகாரமும் ஒரு கொப்பியும் இருந்தன. ஐந்து நிமிடத்தில் போய்விட்டோம். வீட்டு முன்விறாந்தையைத் தகரம் அடித்து மறைத்த கடை அது. தட்டில் பிஸ்கட், நூடில்ஸ், டின் மீன், தேயிலைத் தூள், கோதுமை மா, பருப்பு, சீனி, உப்பு, சவர்க்காரம். கயிற்றில் சரம் சரமாகச் சிறிய பால்மாப் பைக்கற்றுகளும் சம்பூப் பைக்கற்றுகளும். மூலையில் சோடாப் பெட்டிகள். வெற்றிலையை ஈரச் சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். மரக்கறிக் கூடையில் உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் இருந்தன. அவற்றோடு நான்கு கத்தரிக்காய்கள், தோல் சுருங்கி, காம்பு கறுத்துப் போய்க் கிடந்தன. பெரியம்மா அவற்றில் ஒன்றை எடுத்து விரலால் அமத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். முட்டை கேட்டார். “நாளைக்கு வரும் பெரியம்மா” என்று கடைக்காரத் தங்கச்சி சொன்னார். நூறு கிராம் பருப்பும் ஒரு பால்மாப் பைக்கற்றும் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போனோம். வீட்டிலிருந்து பஸ் நிற்கும் சந்திக்கு வெயிலில் இருபத்தெட்டு நிமிட நடை. பஸ்ஸுக்காகக் காத்திருந்தது முக்கால் மணி நேரம். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து சந்தையில் இறங்கி, பெரியம்மா வழக்கமாகப் போகும் மூன்று கடைகளில் விலை கேட்டு, வாங்கி, திரும்பும் பஸ்ஸைப் பிடித்து, சந்தியிலிருந்து பையைத் தலையிலும் இடுப்பிலும் மாற்றி மாற்றிச் சுமந்து வீடு வந்து சேர நான்கரை மணி நேரம் ஆயிற்று. போக வரச் செலவான பஸ் காசு ஒரு கிலோ பருப்பின் விலையில் பாதியைத் தொட்டது. வாங்கிய கீரையில் ஒரு கட்டு வழியிலேயே வாடிவிட்டது. பெரியம்மாவுக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. முழங்கால் வலியும் சீனி வருத்தமும் உண்டு. கீரையும் மரக்கறியும் நிறையச் சாப்பிடும்படி கிளினிக்கில் ஒவ்வொரு மாதமும் சொல்லி அனுப்புகிறார்கள்.

ஐந்து நிமிடமும் உண்மை, நான்கரை மணி நேரமும் உண்மை. படிவம் முதலாவதை மட்டும் கேட்டது.

உலகில் இதை எப்படி அளக்கிறார்கள் என்று தேடிய போது, எல்லோரும் மேற்கோள் காட்டுவது அமெரிக்க அளவுகோலையே என்பதைக் கண்டேன். ‘உணவுப் பாலைவனம்’ என்ற சொற்றொடர் 1990களின் முற்பகுதியில் ஸ்கொட்லாந்தில் பிறந்தது. நல்ல உணவு வாங்கக் கடையே இல்லாத குடியிருப்புப் பகுதியைக் குறிக்க அது வழங்கியது. அதை நாடு முழுவதற்குமான ஓர் அளவீடாக மாற்றியவர்கள் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பொருளாதார ஆய்வுப் பிரிவினர். 2008இல் நிறைவேறிய சட்டமொன்றின் பணிப்பில் ஆய்வு நடத்தி, 2009இல் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்து, 2011இல் இணையத்தில் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். 2013இல் அதை விரிவாக்கினார்கள். நாட்டை அரைக் கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மிக அருகில் உள்ள பெரிய அங்காடிக்கு நேர்கோட்டுத் தூரத்தைக் கணிக்கிறார்கள். நகரில் 1 மைல், அதாவது ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர், கிராமத்தில் 10 மைல், ஏறத்தாழ 16 கிலோமீற்றர். அந்த எல்லைக்கு அப்பால் ஒரு கணக்கெடுப்பு வட்டாரத்தில் 500 பேராவது, அல்லது மூன்றில் ஒரு பங்கினராவது வாழ்ந்தால், அங்கே கடை வசதி குறைவு என்று கொள்கிறார்கள். வட்டாரம் வறியதாகவும் இருக்க வேண்டும். வறுமை வீதம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது அதற்கான அடையாளங்களில் ஒன்று.

இதில் நான் மதிக்கும் விடயங்கள் உண்டு. விதி எல்லோருக்கும் தெரியும்படி எழுதப்பட்டிருக்கிறது. எல்லைக் கோட்டை மாற்றினால் வரைபடம் எப்படி மாறும் என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் மேலாக, வாகனம் இல்லாத வீடுகளை அவர்கள் தனியாக எண்ணினார்கள். ஒரு வட்டாரத்தில் வாகனம் இல்லாத 100 குடும்பங்களுக்கு மேல் அங்காடியிலிருந்து அரை மைலுக்கு அப்பால் இருந்தால், அதையும் வசதி குறைந்த இடமாகக் காட்டும் ஒரு தெரிவு அந்த வரைபடத்தில் இருக்கிறது. கார் ஓடாத வீட்டுக்கு மைல் நீளம் என்பதை அந்த நாட்டிலேயே உணர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கோலைத் தூக்கிவந்து எங்கள் வாவிக் கரையில் ஊன்ற முடியாது. 16 கிலோமீற்றர் என்ற கிராமத்து எல்லையை வைத்தால் படுவான்கரையின் பெரும்பாலான ஊர்கள், மட்டக்களப்பு நகரையோ களுவாஞ்சிகுடியையோ நடுவாக வைத்து வரையும் வட்டத்துக்குள் அடங்கிவிடும். குறையுள்ள ஊர் என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பதே கடினமாகிவிடும். 1.6 கிலோமீற்றரை வைத்தாலோ, நகரத்து ஒழுங்கைகள் சிலவற்றைத் தவிர மாவட்டம் முழுவதும் பாலைவனம் ஆகிவிடும். இரண்டு வரைபடங்களாலும் ஒரு முடிவெடுக்க இயலாது.

நேர்கோட்டுத் தூரம் இதைவிட மோசமாக ஏமாற்றும். மண்டூரில் வாவிக் கரையில் நின்றால் அக்கரையில் குருமண்வெளி தெரியும். தண்ணீர் இல்லாவிட்டால் நடந்தே போய்விடலாம் என்று தோன்றும். காகம் பறக்கும் தூரத்தை அளக்கும் கணினிக்குத் தண்ணீர் தெரியாது, மனிதருக்குத் தெரியும். பாதை அக்கரையில் நின்றால் அது திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும், காற்றும் மழையும் கடுமையானால் ஓடாது, இரவில் இல்லை. வீதியால் போவதென்றால் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்ற வேண்டும். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், சந்திவெளிக்கும் திகிலிவெட்டைக்கும் இடையிலும் இதே கதைதான்.

மண்முனையில் பாலம் வருவதற்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் பட்ட பாடு என் தலைமுறைக்கு நினைவிருக்கிறது. ஜப்பானின் உதவியுடன் கட்டப்பட்ட அந்தப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. திறப்புக்கு முந்திய நாளும் மறுநாளும் இரு கரைகளுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் ஒன்றேதான். ஓர் அங்குலமும் குறையவில்லை. ஆனால் பாதைக்காகத் துறையில் நின்ற மரக்கறி வியாபாரி அதன்பின் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் போனார். அதற்கும் முந்திய போர்க்காலத்தில், 2007 வரை, படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோது, தூரத்தை நிர்ணயித்தது சோதனைச் சாவடி. என்ன பொருளை, எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக ஒரு பகலை இழந்த பெண்கள் இன்றும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். தூரம் என்று நாம் எழுதும் எண்ணுக்குப் பின்னால் யார் மறிக்கிறார்கள், எது கடத்துகிறது என்ற கேள்வி எப்போதும் நிற்கிறது.

அடுத்தது கடைக்குள் என்ன இருக்கிறது என்பது. இதற்கு நான் கண்ட நல்ல கருவி கடைகளுக்காக உருவானதே அல்ல. பெண்கள் போதிய வகை உணவை உண்கிறார்களா என்று அறிய, ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2016இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தானியமும் கிழங்கும், பருப்பு வகை, கொட்டை வகை, பால், இறைச்சியும் மீனும், முட்டை, கரும்பச்சைக் கீரை, விற்றமின் ஏ நிறைந்த பழமும் மரக்கறியும், ஏனைய மரக்கறி, ஏனைய பழம் என்று உணவைப் பத்துக் கூட்டங்களாகப் பிரித்து, முந்திய ஒரு நாளில் அவற்றுள் குறைந்தது ஐந்தையாவது உண்டாரா என்று அது கேட்கிறது. நான் அந்தப் பத்தையும் கடைத் தட்டுக்குத் திருப்பினேன். பெரியம்மாவின் கடையில் அந்தப் புதன்கிழமை தானியம் இருந்தது, பருப்பு இருந்தது, பால்மா இருந்தது, டின் மீன் இருந்தது. கச்சான் பைக்கற்று இருந்தது. முட்டை நாளைக்கு. கத்தரிக்காயை எண்ணுவதா விடுவதா என்று நெடுநேரம் யோசித்து, விரலால் அமத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும் பொருளை எண்ணக் கூடாது என்று தீர்மானித்தேன். அந்த விதியை இன்றும் கடைப்பிடிக்கிறேன். கீரையும் பழமும் அங்கே அறவே இல்லை.

அதேவேளை கடையில் இல்லாதது வீட்டிலும் இல்லை என்று எண்ணுவதும் பிழை. பெரியம்மாவின் வேலியில் முருங்கை நிற்கிறது. வரம்போரத்தில் பொன்னாங்காணியும் வல்லாரையும் கிடைக்கும். குளத்தில் வலை போடுபவர் வீட்டுக்கு மீன் கொடுத்துவிட்டுப் போவார். அறுவடை முடிந்தால் அரிசிக்குக் குறைவில்லை. அமெரிக்கக் கணக்கில் இவற்றுக்கு இடமே கிடையாது. ஆனால் இவற்றுக்கும் பருவம் உண்டு. கடும் வெயிலில் வரம்பு காய்ந்துவிடும், குளம் வற்றிவிடும். நெல் விற்ற காசு முடிந்து, அடுத்த போகத்துக்கான செலவு தொடங்கும் மாதங்களில் கடையே எல்லாமாகிறது. அளப்பதாயின் அந்த மாதத்தில் அளக்க வேண்டும்.

கடையைப் பற்றிச் சொல்லும்போது கடன் கொப்பியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தத் தகரக் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒற்றை றூள் கொப்பி ஒன்று நூலில் தொங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பக்கங்கள். திகதி, பொருள், தொகை. பெரியம்மாவின் பக்கத்தில் அன்று பருப்பும் பால்மாவும் ஏறின. காசு கைமாறவில்லை. ஊரில் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குக் காசு வாரக் கடைசியில் வரும், விவசாயிக்குப் போகம் முடிய வரும், அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பெறுகிறவர்களுக்கு வங்கிக் கணக்கில் விழும் நாளில் வரும்; வயிறு மட்டும் தினமும் கேட்கும். இரண்டையும் பொருத்துவது அந்தக் கொப்பிதான். களுவாஞ்சிகுடியில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அங்கே பெரியம்மாவுக்குக் கொப்பி இல்லை; கையில் காசில்லாத செவ்வாய்க்கிழமையில் அந்தச் சந்தை அவருக்கு இல்லாத சந்தை.

மறுபக்கமும் இருக்கிறது. நூறு நூறு கிராமாக வாங்கும்போது ஒரு கிலோவுக்குக் கொடுக்கும் விலை ஏறிவிடுகிறது. கொப்பியில் கணக்கு நிற்கும்போது அந்தக் கடையை விட்டு வேறு கடைக்குப் போகவும் முகம் கொடுக்காது. கடைக்காரத் தங்கச்சியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் மொத்த வியாபாரியிடம் காசு கொடுத்துத்தான் எடுக்கிறார். ஊரின் கடனையெல்லாம் தன் சிறிய முதலில் தாங்குகிறார். வாடிப்போகும் மரக்கறியில் அந்த முதலைப் போட அவருக்குத் துணிவு வருவதில்லை. குளிர்சாதனப் பெட்டி சோடாக் கம்பனியுடையது, அதற்குள் சோடா வைக்க வேண்டும். கத்தரிக்காய் ஏன் சுருங்கிக் கிடந்தது என்பதற்கு விடை இவ்வளவும்தான்.

மருத்துவ சேவையைப் பற்றி 1981இல் பென்சான்ஸ்கி, தொமஸ் என்ற ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரையில், ‘கிடைக்கும் தன்மை’ என்பதை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்கள்: பொருள் போதிய அளவு இருக்கிறதா, இடம் எட்டுகிறதா, நேரமும் நடைமுறையும் வருபவருக்குப் பொருந்துகிறதா, விலை கட்டுகிறதா, மனம் ஏற்கிறதா. கொப்பி இந்த ஐந்தில் மூன்றாவதற்குள் வருகிறது. உணவுக் கடைகளை அளந்தவர்கள் இரண்டாவதை அதிகமாகவும், நான்காவதை ஓரளவும் அளந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் மூன்றாவதை அளக்காமல் எதையும் அளந்ததாகச் சொல்ல முடியாது என்பது என் உறுதியான கருத்து.

நடமாடும் கடைகள் இன்னொரு சிக்கல். காலை எட்டு மணியளவில் எழுவான்கரையிலிருந்து மீன்காரர் மோட்டார் சைக்கிளில் பின்னால் பெட்டி கட்டி, ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். வாரத்தில் இரு நாள் மரக்கறி லொறி வரும். பிளாஸ்ரிக் சாமான், உடுதுணி, பாய் விற்பவர்கள் காத்தான்குடியிலிருந்து வருவார்கள். அவர்களில் சிலருக்கும் பெரியம்மாவுக்கும் இரண்டு தலைமுறைப் பழக்கம், பிள்ளைகளின் படிப்பை விசாரிக்காமல் வியாபாரம் தொடங்காது. வரைபடத்தில் புள்ளி வைக்க இவர்களுக்கு இடமில்லை. ஆனால் ஊரின் மீனில் பெரும்பங்கு இவர்கள் கொண்டுவருவதுதான்.

இவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022இல் கண்டோம். அந்த ஆண்டு ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானது. பிறகு கியூஆர் அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. மீன்காரர் முதலில் ஒன்றுவிட்ட நாள் வந்தார், பிறகு வாரம் ஒருநாள் வந்தார், பிறகு வரவில்லை. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது என்று வானொலியில் கேட்டோம். அந்த எண் கொழும்பு விலைகளிலிருந்து எடுக்கப்பட்டது. படுவான்கரையில் விலையும் ஏறியது, கொண்டுவரும் ஆளும் நின்றார். இரண்டாவது இழப்பு எந்தச் சுட்டெண்ணிலும் பதிவாகவில்லை. அந்த மாதங்களில் படிவத்தை நிரப்பியிருந்தாலும் நான் 0.3 என்றுதான் எழுதியிருப்பேன்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கத்து ஊர்கள் பலவற்றில் பொழுது பட்டால் யானை இறங்கும். வயல் வேலை முடித்து ஆறு மணிக்கு வீடு வரும் பெண்ணுக்கு, ஆறரைக்குப் பிறகு கடைக்கு அந்த முந்நூறு மீற்றரும் நடக்கக் கூடாத வழியாகிவிடுகிறது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோச் வெளிச்சத்தில் ஓடிப்போய் வந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். மாரியில் வேறொரு கதை. கார்த்திகை, மார்கழியில் குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால், வீதியின் தாழ்வான கடவைகளான தாம்போதிகளுக்கு மேல் வெள்ளம் ஓடும். கிரானில் புலிபாய்ந்தகல் வீதி அநேகமாக ஒவ்வொரு மாரியிலும் மூழ்கிப் படகில் போக நேரிடுகிறது. மண்டூர்–வெல்லாவெளி வீதியிலும் அப்படியே. அந்த நாட்களில் ஊருக்குள் இருக்கும் தகரக் கடையில் எத்தனை நாளைக்கு அரிசியும் பருப்பும் இருக்கிறது என்பதே ஊரின் உணவு நிலை. ‘கடை இருக்கிறதா’ என்ற கேள்வியோடு ‘வெள்ளத்தில் அந்தக் கடை எத்தனை நாள் தாங்கும்’ என்பதையும் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் அந்தக் கடைக்காரத் தங்கச்சிதான்.

இந்த நாட்டில் இதையெல்லாம் ஒருகாலத்தில் அரசே அறிந்து வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுப் பங்கீடு வந்தபோது கூட்டுறவுக் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. 1957க்குப் பிறகு அவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாகப் பெருகின. எங்கள் ஊர்களில் இன்றும் மூத்தவர்கள் ‘சங்கக்கடை’ என்றே சொல்வார்கள். கூப்பன் புத்தகம் வைத்திருந்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்பிட்ட கடையில் பதிந்திருக்க வேண்டும்; ஆகவே எந்தக் கடையை எத்தனை குடும்பம் நம்பியிருக்கிறது என்பது சங்கத்தின் பேரேட்டில் இருந்தது. 1978இல் அரிசிப் பங்கீடு வருமானம் குறைந்தோருக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது, 1979இல் உணவு முத்திரை வந்தது, பிற்பாடு சமுர்த்தி, இப்போது அஸ்வெசும. உதவி காசாக மாறியதில் நன்மை உண்டு; தனக்கு வேண்டியதை வேண்டிய இடத்தில் வாங்கும் உரிமை மக்களுக்குக் கிடைத்தது. ஆனால் எந்த வீடு எந்தக் கடையில் வாங்குகிறது என்ற அறிவு அந்தப் பேரேட்டோடு போய்விட்டது. அமெரிக்கர்கள் தங்கள் வரைபடத்துக்குக் கடைகளின் பட்டியலை எடுக்கும் மூலங்களில் ஒன்று, அரசின் உணவு உதவியை ஏற்க அனுமதி பெற்ற கடைகளின் பதிவு. எங்களிடம் இருந்த அதே வகைப் பதிவை நாங்கள் வளர்க்காமல் விட்டோம்.

அஸ்வெசும வங்கிக்கு வருவதால் ஊர்களில் ஒரு புதிய பழக்கம் உருவாகியிருக்கிறது. காசு எடுக்க நகருக்குப் போகும் நாளிலேயே மாதத்துக்கான சாமானையும் வாங்கி வந்துவிடுகிறார்கள். ஒரே பஸ் காசில் இரண்டு வேலை. ஆகவே வங்கியின் தூரமும் இப்போது கடையின் தூரத்துக்குள் சேர்ந்துவிட்டது. அன்று வாங்கக்கூடியது கெட்டுப்போகாத பொருள் மட்டும் என்பதால், மாதத்தின் எஞ்சிய நாட்களின் பச்சை மரக்கறிக்கு அந்தப் பயணம் உதவாது.

கடை கிட்ட இருந்தால் மக்கள் நல்ல உணவை வாங்கிவிடுவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவில் பொருளியலாளர் ஹன்ட் ஓல்கொட்டும் உடனாசிரியர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வறியவர்களும் வசதியானவர்களும் வாங்கும் உணவின் தரத்தில் உள்ள இடைவெளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டுமே கடைகளின் பொருளும் விலையும் விளக்குகின்றன என்று கண்டார்கள். புதிய அங்காடி திறந்த இடத்திலும் வாங்கும் பழக்கம் பெரிதாக மாறவில்லை. அந்த ஆய்வை மதிக்கிறேன். ஆனால் புதிய அங்காடி திறக்கும் முன்பும் அங்குள்ள மக்கள் தொலைவிலிருந்த பெரிய அங்காடிகளுக்குப் போய்த்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் புதிய கடை பழைய கடையின் மாற்று மட்டுமே. பெரியம்மாவுக்கு அப்படியொரு மாற்று ஏற்கெனவே இல்லை. பழக்கம் வேறு, வழியின்மை வேறு. மரக்கறி லொறி வரும் நாளில் அவர் பை நிறைய வாங்குவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இப்போது ஊர் இளைஞர்கள் சிலரோடு சேர்ந்து மூன்று கிராமங்களில் வேறு மாதிரி அளந்து வருகிறோம். அலுவலகக் கடமையாக இதைச் செய்யவில்லை, சனிக்கிழமைகளில் செய்கிறோம். கோயிலிலிருந்தோ பாடசாலையிலிருந்தோ தொடங்காமல், வாகனம் இல்லாத ஒரு வீட்டின் அடுப்படியிலிருந்து தொடங்குகிறோம். அந்த வீட்டில் சமைப்பவரோடு அவர் நடக்கும் வழியில், அவர் போகும் நேரத்தில், அவரது வேகத்திலேயே போகிறோம். பத்துக் கூட்டங்களில் எத்தனையை இன்றைக்கு, இருக்கிற காசுக்கோ கொப்பிக்கோ வாங்க முடிந்தது, அதற்கு எவ்வளவு நேரமும் பஸ் காசும் போயிற்று என்று எழுதுகிறோம். காசு வந்த வாரத்தில் ஒருமுறை, காசு இல்லாத வாரத்தில் ஒருமுறை. மெதுவான வேலை. ஒரு சனிக்கிழமையில் நான்கு வீடுகளுக்கு மேல் முடிவதில்லை, நாட்டையே ஒரே பார்வையில் காட்டும் வரைபடம் இதில் வராது. ஆனாலும் லொறி எந்தச் சந்தியில் நிற்க வேண்டும், எந்த நாளில், என்னென்ன ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்தத் தாள்களிலிருந்து பதில் சொல்லலாம். பழைய எண்ணிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது.

சென்ற மாதம் பெரிய தாளொன்றில் ஊரை வரைந்து பெரியம்மாவின் விறாந்தையில் விரித்தோம். கடை, சங்கக்கடைக் கட்டடம், பஸ் நிற்கும் சந்தி, குளம் எல்லாம் குறித்திருந்தோம். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தார். பிறகு பேனையை வாங்கி, நாங்கள் வெறுமையாக விட்டிருந்த ஓர் இடத்தில், நாவல் மரத்துக்குக் கீழே, ஒரு வட்டம் போட்டார். மீன்காரர் வண்டியை நிறுத்தும் இடம் அது. “இவன் வாற வரைக்குந்தான் எனக்கு இந்தப் பக்கம் கடை” என்றார். இன்னொரு வட்டத்தைக் குளக்கட்டில் போட்டு, அதை உடனே பாதி அழித்தார். “இது மாரிக்கு மட்டும். மறுகா தண்ணி வத்தினா இல்ல. ஒள்ளுப்பம் பொறு, எழுதாத” என்று சொல்லிவிட்டு, அந்த அரை வட்டத்தை எப்படிக் காட்டுவது என்று எங்களோடு சேர்ந்து யோசிக்கத் தொடங்கினார். இறுதியில் புள்ளி புள்ளியாக வரைந்தோம். கார்த்திகை மழை தொடங்கியதும் அதே தாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் போவதாக இருக்கிறோம். தாம்போதிக்கு மேல் தண்ணீர் ஏறும் முதல் நாளிலேயே சொல்லியனுப்புவதாகக் கடைக்காரத் தங்கச்சி சொல்லியிருக்கிறார்.